சுளகின் கீழ் திறந்து கிடந்த புத்தகம்

ஐயா, அம்மணி,

நமது வாசிகசாலை அலுமாரியிலிருந்து சில பழைய நாவல்களை நீக்கிவிட வேண்டும் என்று சென்ற கூட்டத்தில் பேசப்பட்டதாக அறிந்தேன். அவற்றில் கொலை உண்டு, அடி உண்டு, இரத்தம் உண்டு. இவற்றையெல்லாம் கண்ணால் கண்டுவிட்ட ஊருக்கு அதே காட்சியைத் தாளிலும் காட்ட வேண்டுமா என்று சிலர் கேட்டார்களாம். அவர்களை நான் குறை சொல்லேன். ஒருகாலத்தில் நானும் அப்படியே கேட்டிருப்பேன். ஆயினும் அத்தகைய ஒரு நாவலில் விழுந்த ஒரு கோடரி வெட்டினால் எங்கள் வயல் வட்டையில் ஒரு மனிதர் உயிர் தப்பினார். நானும் ஒரு பழியிலிருந்து தப்பினேன். அந்த நன்றியை எழுத்தில் வைக்காமல் போவது முறையன்று என்பதால் இதனை எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவன் அல்லன். பழுகாமத்துக்கு மேற்கே, பலருடைய வயல்கள் ஒன்றாய்க் கிடக்கும் ஒரு வட்டைக்கு விதானையாக இருந்தேன். எந்த வாய்க்காலை எப்போது திறப்பது, எவருடைய வயலுக்கு முதலில் நீர் பாய்வது என்று தீர்ப்பது என் கடமை. எழுத்தையும் வசனத்தையும் எனக்குத் தந்தது எங்கள் அம்மன் கோயில். அங்கே புராணம் படிக்கும் நாட்களில் ஒருவர் ஏட்டை வாசிப்பார்; இன்னொருவர் அதன் பொருளைச் சபைக்கு விளங்கச் சொல்வார். அதற்குப் பயன் சொல்லுதல் என்று பெயர். இருபது வருடத்துக்கு மேலாகப் பயன் சொன்னவன் நான். அந்தப் படிப்புக்கு எங்களிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கதையில் ஓர் உயிர் பிரியும் இடத்தில் ஏட்டை மூடக் கூடாது. ஒரு பிறப்போ, ஒரு கலியாணமோ, ஒரு முடிசூட்டோ வரும்வரை வாசித்து, அந்த நல்ல இடத்தில்தான் மூட வேண்டும். அதற்குள் பொழுது போய்விட்டால் ஏட்டைத் திறந்தபடியே வைத்து, மேலே பட்டுத்துணி விரித்துவிட்டு, மறுநாள் தொடர வேண்டும். இந்தக் கட்டுப்பாடே பின்வரும் நிகழ்ச்சிக்கு மூலம் ஆனது.

போர்க்காலத்து மாரி ஒன்றில் எங்கள் ஊரில் இருக்க முடியாமற் போயிற்று. சனங்கள் உறவினர் வீடுகளுக்கும் பாடசாலைகளுக்கும் சென்றார்கள். நானும் மனைவியும் வயலுக்குள் இருந்த எங்கள் வாடிக்குப் போனோம். காவல் காக்கவும் அறுவடைக் காலத்தில் தங்கவும் போட்ட ஓலைக் குடில்தான் அது. இருபது முப்பது அடி தள்ளி இன்னொரு வாடியில் எங்கள் வட்டையில் உழவு மெசின் வைத்திருந்தவர் தம் மனைவியுடன் இருந்தார். அந்தப் பெண் நிறைமாதம். அவளைப் பார்க்கப் பட்டினத்திலிருந்து சைக்கிளில் வந்த, பிரசவம் பார்க்கும் மருத்துவ மாது, வாவியைக் கடக்கும் வழி மறுநாளே அடைபட்டுவிட்டதால், திரும்பிப் போக முடியாமல் எங்களுடன் தங்கினார். ஊரில் அவரை மிஸ்ஸி என்பார்கள். மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவர், நாற்பது வயதிருக்கும், அஞ்சாமல் பேசுபவர். ஆக நாங்கள் ஐவர்.

இங்கே என் நெஞ்சில் இருந்ததைச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்னர் என் தம்பி, தன் மனைவிக்கு மருந்து வாங்குவதற்காக, அந்த உழவு மெசினின் பின்னால் பூட்டிய பெட்டியில் ஏறிப் பட்டினத்துக்குப் போனான். மெசின் திரும்பி வந்தது, தம்பி வரவில்லை. “சோதனைச் சாவடியில இறக்கினானுகள் விதானையார்” என்பதற்கு மேல் மெசின்காரர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தப் போகத்தில் தம்பிக்கும் அவருக்கும் தண்ணீர்த் தகராறு ஒன்று நடந்திருந்தது. நான் தம்பியின் பக்கம் தீர்ப்புச் சொன்னேன். “விதானையார்ட தம்பிக்கு ஒரு நாளைக்கு விளங்கும்” என்று அவர் வரம்பில் நின்று சொன்னதைப் பலர் கேட்டார்கள். நானும் கேட்டேன்.

நாங்கள் வாடிக்கு வந்து மூன்றாம் நாள், தோளில் துவக்குடன் திரிந்த இளைஞர் இருவர் வந்து என்னைத் தனியே அழைத்தனர்.

“உங்கட தம்பியக் காட்டிக் குடுத்தது ஆரெண்டு உங்களுக்குத் தெரிஞ்சிரிக்கும். ஒரு பேர் சொன்னாப் போதும். மறுகா நாங்க பாத்துக்கொள்ளுவம்.”

அவ்வாறு பெயர் சொல்லப்பட்டவர்கள் மறுநாள் காலை சந்தியில் கிடந்ததை நான் கண்டிருக்கிறேன். அதை அறிந்தே பெயர் என் நாவின் நுனி வரை வந்தது. ஆனால் அவர்களில் ஒருவன் எனக்குப் பழக்கமான ஒருவரின் மகனாகத் தோன்றவே சற்றுத் தயங்கி, “யோசிச்சுச் சொல்லுறன்” என்றேன். ஏழாம் நாள் வருவதாகச் சொல்லிச் சென்றனர். யோசிப்பதற்கு ஒன்றும் இருப்பதாக நான் அப்போது எண்ணவில்லை. நாளை எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தேன்.

மழை விடவில்லை. மத்தியானக் கஞ்சி குடித்தபின் செய்ய வேலை இல்லை. எங்கள் வாடி பெரிதாகையால் எல்லாரும் அங்கேயே கூடினார்கள். மிஸ்ஸியின் பையில் கத்தரிக்கோல், எனாமல் கோப்பை, வேதாகமம் இவற்றோடு மட்டை கழன்ற ஒரு தடித்த புத்தகமும் இருந்தது. பிறதேசத்து நாவல், தமிழில் பெயர்க்கப்பட்டது, பல நாடுகளில் பல தலைமுறை வாசித்த பெருநூல் என்றும், தம் தகப்பனாரின் புத்தகம் என்றும் அவர் சொன்னார். அவரே வாசிக்கத் தொடங்கினார். பழக்கத்தினால் நான் பயன் சொல்லத் தொடங்கினேன். அது புராணம் அன்று, நாவலுக்குப் பயன் சொல்லத் தேவையில்லை என்பது எனக்குத் தெரியாது. மிஸ்ஸி ஒருமுறை புருவத்தை உயர்த்தினார். பின்னர் ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் எனக்காக நிறுத்தினார். அந்தப் பெருந்தன்மைக்கு இன்றும் நன்றி உடையேன்.

கதை நடப்பது பனி பெய்யும் ஒரு நாட்டில். பனியைப் பயன் சொல்ல நான் பட்ட பாடு பெரிது.

“ஐஸ் மழை எண்டா, மிஸ்ஸி, விதைக்கிற எப்பிடி?” என்றார் மெசின்காரர்.

“அந்தக் காலத்தில விதைப்பில்ல தம்பி. வீட்டுக்குள்ளதான் இரிப்பாங்க.”

“அப்ப நம்மளப் போல ஆக்கள்தான். குந்தியிருந்து கதை கேக்கிறவங்க.”

“குந்தியிருந்து கேக்கிறவர் அந்த விறகையும் உள்ளுக்கு இழுத்துப் போட்டா நல்லம்” என்றாள் என் மனைவி. அவர் எழுந்து போய் இழுத்துப் போட்டார். நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்நாட்டு ஊர் ஒன்றில் மா அரைக்கும் ஆலைக்காரன் ஒருவன் இருக்கிறான். அவன் மறைத்து வைத்த தானிய மூட்டைகளை ஊர்ப் பிரபுவின் ஆட்கள் வந்து நேரே எடுத்துப் போகிறார்கள். இடத்தைக் காட்டிக்கொடுத்தவன் அயல்வீட்டு உழவனே என்று ஆலைக்காரன் முடிவு செய்கிறான். அந்த உழவனிடம் ஒரு குதிரை. அது தினமும் காலையில் ஆலைவாசலுக்கு வரும். ஆலைக்காரனின் மனைவி அதற்கு ஒரு ரொட்டித் துண்டு கொடுப்பாள். இவ்வளவும் நூறு பக்கத்துக்கு மேல் சொல்லப்பட்டது. பிறகு ஒருநாள் உழவன் கிணற்றில் நீர் அள்ளிக்கொண்டிருக்கையில் ஆலைக்காரன் பின்னால் வருகிறான். கோடரி உயர்ந்தது, விழுந்தது, கயிறு கையிலிருந்து நழுவிக் கிணற்றுக்குள் போனது. அந்தக் கொலை மூன்று வரிதான்.

மிஸ்ஸி புத்தகத்தை மூடப் போனார்.

“மூடாதீங்க மிஸ்ஸி!” என்று நானும் மனைவியும் ஒரே நேரத்தில் சத்தமிட்டோம்.

“ஏன் அண்ணன்? இது கதைப் புத்தகம்தானே. மூடினா உங்கட அம்மன் வந்து கேப்பாவா?”

“அம்மன் கேக்காட்டிலும் நான் கேப்பன்” என்றாள் மனைவி. “பக்கத்தில புள்ளத்தாச்சி ஒருத்தி இரிக்கிறாகா. செத்த இடத்தில மூடி வைக்க ஒண்ணா. நல்ல இடம் ஒண்டு வரட்டும்.”

மிஸ்ஸி முன்னால் சில தாள்களைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். “நல்ல இடம் கிட்டடியில இல்லப் போலயே.”

எப்படியும் நான்கைந்து பக்கத்துக்குள் வந்துவிடும் என்று நாங்கள் நம்பினோம். எங்கள் புராணங்களில் அப்படித்தான் வரும். இப்போதைக்குப் பயன் சொல்லுங்கள் என்றார் மிஸ்ஸி. நான் சொன்னேன். தலையைத் திருப்பி மெசின்காரரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். கூட இருந்து காட்டிக்கொடுத்தவனுக்கு இதுவே முடிவு. தெய்வம் நின்று கொடுக்காததைக் கோடரி கொடுத்தது. கேட்பவர்கள் நெஞ்சில் வைத்துக்கொள்ளக் கடவர் என்றேன். அவர் தலையைக் கவிழ்த்து கால்விரலால் மண்ணைக் கீறினார். எனக்கு அது போதுமான சாட்சியாய்த் தெரிந்தது.

“அண்ணன், கொஞ்சம் நில்லுங்க” என்றார் மிஸ்ஸி. “அந்த உழவன் காட்டிக் குடுத்தானெண்டு எங்க எழுதியிரிக்கு?”

“முதல்லயே வந்ததே.”

“வரல்ல. எனக்கு எடுத்துக் காட்டுங்க.”

புத்தகத்தை வாங்கினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்னோக்கித் தேடினேன். ஆலைக்காரன் நினைத்தான் என்று இருந்தது. ஆலைக்காரன் அறிந்துகொண்டான் என்றும் இருந்தது. உழவன் ஒருநாள் பிரபுவின் வேலைக்காரனோடு பாதையில் நின்று பேசினான் என்று இருந்தது. காட்டிக்கொடுத்தான் என்று ஓரிடத்திலும் இல்லை. நான் அரைமணிநேரம் தேடினேன். நூறு பக்கமாகக் கேட்ட நாங்கள் நால்வரும், அதை எழுதப்பட்ட உண்மையாகவே எடுத்துக்கொண்டிருந்தோம். பயன் சொல்பவனாகிய நான், ஏட்டில் இல்லாத குற்றத்தை என் வாயால் சேர்த்துச் சபைக்குச் சொல்லியிருந்தேன். இருபது வருடத்தில் எனக்கு அவ்வாறு நேர்ந்ததில்லை.

“இல்ல” என்றேன்.

“எழுதினவர் சொல்லாம விட்டிரிக்கார். வாசிக்கிறவங்கதான் சேத்துக்கொள்ளுற” என்றார் மிஸ்ஸி. புத்தகத்தைத் திறந்தபடியே கவிழ்த்து வைத்தார். மனைவி நெல் புடைக்கும் சுளகு ஒன்றால் அதை மூடினாள்.

நல்ல இடம் அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூட முடியாதபடியால் நாங்கள் வாசித்துக்கொண்டே போனோம். வேறு ஊரார் கொலையோடு மூடிவிட்டு, தீர்ந்தது கணக்கு என்று எழுந்து போயிருப்பார்கள். எங்கள் கட்டுப்பாடு எங்களை எழவிடவில்லை. ஆலைக்காரனை எவரும் பிடிக்கவில்லை. ஊருக்குத் தெரியும், ஊர் பேசவில்லை. ஆனால் உழவனின் குதிரை விடிந்ததும் வழமைபோல ஆலைவாசலுக்கு வந்து நின்றது. ரொட்டியைக் கொடுப்பதா, கொடாமல் விடுவதா என்று ஆலைக்காரனின் மனைவி கதவுக்குப் பின்னால் நின்றாள். ஒருநாள் கொடுத்தாள். அதைக் கண்ட ஆலைக்காரன் குதிரையைச் சவுக்கால் அடித்தான். அடிபட்டும் மறுநாள் அது வந்தது. கொலைக்கு மூன்று வரி செலவிட்ட அந்த ஆசிரியர் குதிரை வந்து நிற்பதற்கு அறுபது பக்கம் செலவிட்டிருந்தார்.

மெசின்காரரின் மனைவி இடுப்பில் கையூன்றியபடி, “அந்த வாயில்லாச் சீவனுக்கு அடிக்கிறானே, அவன்ட கையில புத்து வர!” என்று திட்டினாள்.

“கதையில உள்ளவனத் திட்டாதகா, உனக்கு மூச்சு வாங்குது” என்றாள் என் மனைவி.

அந்த இடத்துக்குப் பயன் கேட்டார் மிஸ்ஸி. என்னால் சொல்ல இயலவில்லை. கொலைக்கு அத்தனை இலகுவாகப் பயன் சொன்னவனுக்கு ஒரு குதிரை வாசலில் நிற்பதற்குச் சொல் வரவில்லை. என் தம்பியின் மனைவி தினமும் மாலையில் மெசின் சத்தம் கேட்டால் வேலிப் படலை வரை வந்து நின்றது நினைவுக்கு வந்தது. இன்னும் சில நாளில் நான் சொல்லப்போகும் பெயருக்குப்பின், இதோ மூச்சு வாங்க அமர்ந்திருக்கும் இந்தப் பெண்ணும் அப்படி ஒரு படலையில் நிற்பாள் என்பதும் அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

“நான் சொல்லட்டா விதானையார்?” என்றார் மெசின்காரர்.

எல்லாரும் அவரைப் பார்த்தோம். அவர் சொல்லவில்லை, எழுந்து மழைக்குள் போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு கறுத்தக் குடை. மரப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியது. அந்த நூலைச் சுற்றியவன் நான். சந்தையில் மாறிப்போகாதிருக்கத் தம்பிக்கு அடையாளமாய்ச் சுற்றிக் கொடுத்தேன்.

“பெட்டிக்குள்ள கிடந்திச்சு. எத்தினையோ தரம் தர வெளிக்கிட்டன். உங்கட முகத்தப் பாத்தா ஏலாமப் போகும். சாவடியில ரெண்டு பேரையும் இறக்கினானுகள். முகம் தெரியாமத் தலையில சாக்கு போட்ட ஒருத்தன் ஆளக் காட்ட நிண்டான். என்னப் பாத்துத் தலையாட்டல்ல. தம்பியப் பாத்து ஆட்டினான். ‘நீ மெசின எடு’ எண்டானுகள். எடுத்தன். தம்பி என்னைக் கூப்பிட்டான், விதானையார். பேர் சொல்லிக் கூப்பிட்டான். நான் திரும்பிப் பாக்கல்ல. அதுதான் நான் செஞ்ச. வேற ஒண்டும் நான் செய்யல்ல.”

அவருடைய மனைவி, “இத்தன நாளா என்னட்டயும் சொல்லல்லயே” என்று அழுதாள். நான் குடையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவர் சொன்னதை நான் அப்போதே நம்பினேன் என்று எழுதினால் அது பொய். நம்பவில்லை என்றாலும் பொய். ஆலைக்காரனைப்போல நான் அறிந்துகொண்டதாய் எண்ணியிருந்தேன் என்பது மட்டுமே தெளிவாயிற்று.

மறுநாள் விடியற்காலையில் அந்தப் பெண்ணுக்கு வலி எடுத்தது. மத்தியானத்துக்குச் சற்று முன்னர், மழை விட்ட ஒரு பொழுதில், பக்கத்து வாடியில் குழந்தையின் சத்தம் கேட்டது. மிஸ்ஸி கைகளைக் கழுவிக்கொண்டே எங்கள் வாடிக்கு வந்து சுளகை எடுத்தார்.

“பொம்புளப் புள்ள. புத்தகத்தில வராட்டி என்ன, வாடியில வந்திட்டு. இப்ப மூடலாம்தானே அண்ணன்?”

மூடலாம் என்றேன். நான்கு நாள் ஈரத்தில் திறந்து கிடந்த புத்தகம் அது. மூடியும் முழுதாய் மூடவில்லை.

இளைஞர் இருவரும் சொன்ன நாளில் வந்தார்கள்.

“என்ன விதானையார், யோசிச்சீங்களா?”

“யோசிச்சன். எனக்குத் தெரியா.”

“சந்தேகம் எண்டாலும் சொல்லுங்க. விசாரிக்கிற நாங்க.”

“சந்தேகம் இரிக்கி. அதுக்குப் பேர் இல்ல.”

அவர்களில் ஒருவன் என்னை வெகுநேரம் பார்த்தான். அப்போது பக்கத்து வாடியில் குழந்தை அழுதது. “ஆர்ட புள்ள?” என்று கேட்டான். “மெசின்காரர்ட. நேத்தையானுக்கு முந்தினநாள் பிறந்த” என்றேன். “நல்லம்” என்றான். வரம்பு வழியே போய்விட்டார்கள். அந்தப் பெயரை அப்போதும் நான் சொல்லித்தான் இருந்தேன். ஆனால் ஒரு குழந்தையின் தகப்பன் என்று சொன்னேன். அது வேறு சொல்லாகிவிட்டது.

தம்பி வரவில்லை. சாக்குக்குள் இருந்தவர் யார் என்பதும் இன்றுவரை தெரியாது. மெசின்காரர் அதன்பின் ஒவ்வொரு போகத்திலும், எவரும் கேளாமலே, தம்பியின் மனைவியின் வயலை முதலில் உழுதுவிட்டே மற்ற வயல்களுக்குப் போனார். சில வருடங்களுக்கு முன் நோயில் இறந்தார். அவரைத் தூக்கிச் சென்ற நால்வரில் நானும் ஒருவன். அந்த உரிமை எனக்கு வாய்த்ததை எண்ணும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது. அன்று பிறந்த பெண் இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். எங்கள் வீட்டுப் படலையைக் கடக்கும்போது “பெரியப்பா, சாப்பிட்டாச்சா?” என்று கேட்காமல் போவதில்லை. அவளுக்கு இது தெரியாது. அதனாலேயே இங்கு எவருடைய பெயரையும் எழுதாது விட்டேன்.

வழி திறந்து பட்டினத்துக்குப் போகும்போது மிஸ்ஸி அந்தப் புத்தகத்தை என்னிடமே தந்தார். “மிச்சத்த நீங்க வாசிங்க. நல்ல இடம் வந்தா எனக்கு அறிவியுங்க” என்றார். எஞ்சிய எண்பது பக்கத்தையும் பிறகு தனியே வாசித்தேன். நல்ல இடம் வரவில்லை. ஆலைக்காரன் கிழவனாகிறான், குதிரையும் கிழடாகிறது, கடைசிப் பக்கத்தில் அவன் அதே கிணற்றில் நீர் அள்ளி அதற்கு வைக்கிறான். தானியத்தைக் காட்டிக்கொடுத்தது யார் என்பது அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதை அவருக்கு அறிவிக்குமுன் அவர் வேறு நாட்டில் உள்ள மகளிடம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். எங்கிருந்தாலும் அவர் நலமாயிருக்க வேண்டும்.

ஐயா, அம்மணி, அக்காலத்தில் கொலைச் செய்திகள் எங்களுக்கு நாள்தோறும் வந்தன. எல்லாச் செய்தியும் கோடரி விழுந்த இடத்தில் முடிந்தது. மறுநாள் காலை வாசலில் வந்து நிற்பது எது என்று ஒரு செய்தியும் சொன்னதில்லை. அதைச் சொன்னது அந்த நாவல் ஒன்றே. கொலை இருக்கிறது என்பதற்காக அதை அன்று எவரேனும் என் கையில் படாமல் அகற்றியிருந்தால், நான் யாராகியிருப்பேன் என்று எண்ணவும் அஞ்சுகிறேன். பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது ஒன்று மட்டும் சொல்லிக் கொடுங்கள்: வெட்டு விழுந்த பக்கத்தில் மூடிவிடாமல் மேலே வாசிக்கட்டும்.

மட்டை கழன்ற அந்தப் புத்தகத்தை இத்துடன் ஒப்படைக்கிறேன். எங்கே பிரித்தாலும் அது தானாகவே கிணற்றடிப் பக்கத்துக்குத் திரும்பும், ஈரத்தில் பழகிவிட்டது. இந்தத் தாள்களை அந்தப் பக்கத்தில் வைத்து, புத்தகத்தோடு சேர்த்துப் பேணுமாறு கேட்டுக்கொள்கிறேன்.